வற்றவிட்ட இறால் குளம்

எங்கள் மலாய்க் கரையில் உப்பளம் கிடையாது. ஆழமில்லாத உவர்நீரும் திறந்த சேறும் தேடி வரும் பறவைகளுக்கு, தஞ்சோங் டாவாய் பக்கம் அறுவடை முடிந்து வற்றவிட்ட இறால் குளம்தான் உப்பளம். அந்தப் பண்ணையில் நீர்த்தரம் பார்ப்பது என் வேலை. உப்பு, காரத்தன்மை, உயிர்வளி, சேற்றின் நிறம். பறவைகளைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

கடல் ஏறினால் வெளியே சேற்றுத்திட்டு மூழ்கிவிடும். வடக்கிலிருந்து வலசை வந்த உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் கடல் இறங்கும்வரை நிற்க இடம் தேடும். அவை கண்டுபிடித்தது எங்கள் கடைசிக் குளத்தை. பண்ணையின் சீன முதலாளி தவுக்கேயோ அதை உடனே நிரப்பி அடுத்த இறால் குஞ்சுகளை விட நினைத்தார்.

“வலசை முடியும்வரை ஒரு குளத்தை மட்டும் விட்டுவைக்கலாம். மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்” என்று கேட்டேன். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

பம்ப் பார்க்கும் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: “நாளைக்குக் காலையில பாசாங், கடைசிக் கொளம்.” கடல் ஏறும் நேரத்தில் அங்கே வருகிறோம் என்று பொருள். ஆனால் மலாயில் கடல் ஏறுவதும் பாசாங், மோட்டாரைப் போடுவதும் பாசாங்.

மறுநாள் தவுக்கேயோடு போனால், குளத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, யாரு பம்ப போடச் சொன்னா?”

“நீதான லா பாசாங்னு அனுப்புன, தங்கச்சி! கடல் ஏறுறதுக்கு எனக்கு எதுக்கு மெசேஜ்? அது என்னைக் கேட்டுக்கிட்டா ஏறுது?”

பம்பை நிறுத்தினார். மதகைத் திறக்க முடியாது. வெளியே கடல் உயர்ந்திருந்தது, திறந்தால் இன்னும் உள்ளே வரும். ஆனால் குளத்தின் தரை மதகை நோக்கிச் சரிந்திருப்பதை அளந்து வைத்திருந்தேன். மேல்பக்கம் இன்னும் நனையவில்லை. தவுக்கேயை வரப்பில் நிற்கச் சொன்னேன்.

கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. நெடுங்கால் உள்ளான்கள் மதகருகே தண்ணீரில், பவளக்காலிகள் நடுவே, குட்டை உப்புக்கொத்திகள் மேட்டுச் சேற்றில். அவரவர் கால் நீளத்துக்கு ஓர் இடம்.

“மாச்சாம் புடாக் செகோலா” என்றார் தவுக்கே. வரிசையில் நிற்கும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரியாம். கொஞ்ச நேரம் கழித்து, “பியார்லா” என்றார். அப்படியே விட்டுவிடு.

இப்போது அறுவடை அட்டவணையை நான்தான் போடுகிறேன். ஒவ்வொரு வலசைப் பருவத்திலும் ஒரு குளம் நிரப்பாமல் நிற்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் தவுக்கே முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார். பறவைகளின் பெயர் சொல்ல என்னை அழைக்கிறார்.