தங்க மூடி போட்ட வெளிநாட்டு பாட்டில்

எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருடம் சரியாக ஞாபகமில்லை. வைகாசி மாதம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த வேர்வைதான் என் மானத்தை வாங்கியது. திண்டிவனத்தில் நான் மூத்த மருமகளாக வாழ்ந்த வீடு. என் நாத்தனாருக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை அங்கே மண்டபத்தில் நடந்ததை இதுவரை என் கணவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பெண் அலங்காரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பியூட்டி பார்லர் எல்லாம் அப்போது மெட்ராஸ் சமாச்சாரம். எங்களுக்கு மேக்கப் சாமான் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப்தான். இருமல் மருந்துக்கும் பேதி மாத்திரைக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரியில் ஸ்நோ, பவுடர், சாந்து, நெயில் பாலிஷ், லிப்ஸ்டிக் எல்லாம் அடுக்கியிருப்பார்கள். எல்லாம் ஒரே கம்பெனி சரக்கு. மூடியில் அன்னப்பறவை படம் இருக்கும். அதனால் தெருவில் எல்லோரும் அதை 'அன்னம்' என்றே சொல்வோம்.

அன்னத்தைப் பற்றி என்னைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். நெயில் பாலிஷ் தண்டம், நாலு பாத்திரம் தேய்த்தால் உரிந்து போகும். லிப்ஸ்டிக்கும் அப்படித்தான், மெழுகுவர்த்தியை எடுத்து உதட்டில் தேய்த்துக்கொள்ளலாம். சாந்து நல்ல சாந்து, என்ன வேர்த்தாலும் மூக்கில் இறங்காது. பவுடருக்கு மணம் கொஞ்சம் தூக்கல். ஆனால் அந்த ஸ்நோவுக்குக் கோயிலே கட்டலாம், கொடுத்த காசுக்கு வஞ்சனை செய்யாது. ஒன்று மட்டும், அதை அப்படியே பூசினால் நம் மாநிற முகம் சாம்பல் பூத்துவிடும். நான் அதில் ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சளும் ஒரு துளி இழைத்த சந்தனமும் விட்டுக் குழைப்பேன். பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் முகம் பூசின மாதிரியே தெரியாது, ஆனால் களையாக இருக்கும். இந்தப் பக்குவத்தை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு நானே ஒரு நாளும் அப்படிக் குழைத்துப் பூசிக்கொண்டதும் இல்லை. அடுப்படியில் வேகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, எனக்கு ஓரகத்தி வந்தாள். அவள் ஊர் வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற குயிலாப்பாளையம் பக்கம். அவர்கள் வீட்டில் அண்ணி முறைக்கு ஆள் இல்லை என்பதால் மணப்பெண்ணாக அவளுக்கு அலங்காரம் செய்ததும் நான்தான். வந்த மூன்றாம் மாதமே அவள் அலமாரியில் ஒரு பாட்டில் உட்கார்ந்தது. கனமான கண்ணாடி, தங்க நிற மூடி, மேலே ஏதோ வெளிநாட்டு எழுத்து. இங்கிலீஷ்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் முகம் தினமும் பளிச்சென்று இருந்தது. என் மாமியார் அதைத் தெரு முழுக்க ஒலிபரப்பினார். "எங்க சின்ன மருமவ ஃபாரின் க்ரீமுதான் பூசிக்கும். அதான் அந்தக் களை."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொய் சொல்வானேன், அவள் சிரித்தாலும் எரிந்தது, அவள் துணி துவைத்தாலும் எரிந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர் வேறு, "தம்பி பொண்டாட்டிகிட்ட கேட்டு நீயும் அதையே வாங்கிப் பூசிக்கயேன்" என்றார். மறுநாள் அவர் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டதாகத்தான் சொன்னேன்.

நாத்தனார் கல்யாணம் நெருங்கியது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு அலங்காரம் செய்வது அண்ணி முறை. இரண்டு அண்ணி இருந்தால் மூத்தவள் கைதான் முதலில் படவேண்டும். ஆனால் நாத்தனார் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"பெரியண்ணி, கோச்சிக்காதீங்க. சின்னண்ணிகிட்ட ஃபாரின் க்ரீம் இருக்குது இல்ல, அவங்களே போட்டு வுடட்டுமே. வீடியோல்லாம் எடுக்கறாங்க."

நான் தூக்கி வளர்த்த பெண் அவள். பூப்படைந்தபோது அவளுக்குத் தலை பின்னி, முகம் திருத்தியவள் நான். அந்த இடத்தைப் பறிகொடுத்தால் இந்த வீட்டில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? மூத்தவள் இருக்க இளையவள் கை வைப்பதா என்று ஒரு ஆட்டம் ஆடினேன். மாமியாரே மிரண்டு, முறைப்படியே நடக்கட்டும் என்றார். ஓரகத்தி அவசர அவசரமாக, "ஆமா, அக்காவே செய்யட்டும், எனக்கு வேணாம்" என்றாள். பெரிய மனசுக்காரி மாதிரி நடிக்கிறாள் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஜெயித்தாயிற்று. அத்தோடு அன்னத்தை எடுத்துக் குழைத்திருந்தால் கதையே இல்லை. அவளுடைய ஃபாரினுக்கு முன்னால் மெடிக்கல் ஷாப் டப்பாவைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சேலைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். ஒரு ஃபேன்ஸி கடையில், சினிமாக்காரர்கள் பூசுவது என்று சொல்லி ஒரு பான்கேக் டப்பாவைக் கொடுத்தார்கள். ரோஜா நிறத்தில் இருந்தது. வெள்ளைக்காரத் தோலுக்குச் செய்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விழுப்புரம் மண்டபத்தில் மணப்பெண் அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நாத்தனார் முகம் எனக்கு அம்மன் முகமாகத் தெரிந்தது. கை வலிக்க வலிக்கப் பூசி, தெம்பாக மேடைக்கு அழைத்துப் போனேன். வீடியோக்காரர் பெரிய லைட்டைப் போட்டார். சுண்ணாம்பு அடித்த சுவருக்குக் கீழே கறுப்புக் கழுத்து. வேர்வை இறங்கிய இடமெல்லாம் கோடு கோடாக வழி விட்டிருந்தது.

"இன்னாம்மா இது, மூஞ்சி ஒருத்தருது, கழுத்து ஒருத்தருதா?" என்று அந்த ஆள் உரக்கக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அழுத தண்ணீரில் இன்னும் இரண்டு கோடு விழுந்தது.

திரும்ப அறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது, நாதஸ்வரம் கேட்டது. நாத்தனார் என் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சின்னண்ணியக் கூப்புடுங்க. ஜல்தி!" என்றாள். அந்த வார்த்தையை விழுங்க எனக்குப் பல நாள் ஆனது.

ஓரகத்தி வந்தாள். என்னையும் நாத்தனாரையும் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தப் பூச்சையெல்லாம் துடைத்து எடுத்தாள். எண்ணெய் கண்ணுக்குள் போய், நாத்தனார் ஈரத் துணியைக் கண் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஓரகத்தி பையிலிருந்து தங்க மூடி பாட்டிலை எடுத்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். மூடியைத் திறந்தாள்.

கஸ்தூரி மஞ்சள் வாசம் வந்தது.

பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தேன். ஒரு விரல் எடுத்துப் புறங்கையில் தேய்த்தேன். அன்னம் ஸ்நோ, மஞ்சள், சந்தனம். சந்தனம் மட்டும் ஒரு துளி கூடுதல். என் பக்குவம். அவளைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. நாத்தனார் காதில் விழாதபடி கிசுகிசுத்தாள்.

"எங்க சித்தி வெள்ளைக்காரம்மா வீட்ல வேலை செய்யுதுக்கா. காலி பாட்டிலு, அழகா இருக்குதேன்னு குடுத்துச்சி. அத்தை பாத்துட்டு ஃபாரினான்னு கேட்டாங்க. வாயத் தொறக்கறதுக்குள்ள தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. அப்பறம் எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"இந்தப் பக்குவம்?"

"என் கல்யாணத்தன்னிக்கு நீங்க கொழைக்கறதப் பாத்துக்கினே இருந்தேன். அன்னிக்குத்தான்க்கா என் மூஞ்சி எனக்கே புடிச்சிது. திருடிட்டன்னு திட்டுவீங்கன்னு பயந்துக்கினு சொல்லல." பிறகு பாட்டிலை என் பக்கம் நீட்டினாள். "என் மூஞ்சிக்குத்தான் பூசிக்கத் தெரியும். அடுத்தவங்களுக்குக் கை வராது. நீங்களே போடுங்கக்கா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளை அன்று நேரில் பார்க்க வேண்டுமானால் நிலைக்கண்ணாடியைப் பார்த்தால் போதும். வாங்கிப் பூசினேன். ஊறவிட்டேன், ஒற்றி எடுத்தேன். நாத்தனார் துணியை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பி, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓரகத்தியைக் கட்டிக்கொண்டாள். "சின்னண்ணி, நல்லவேளை நீங்க இருந்தீங்க!"

மேடையில் லைட்டைப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. வீடியோக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். என் மாமியார் சம்பந்தி அம்மாவிடம், "சின்ன மருமவ போட்டு வுட்டதுங்க. ஃபாரின் சாமானு" என்றார்.

"இல்ல அத்தை, அக்காதான் போட்டாங்க" என்று ஓரகத்தி பளிச்சென்று உண்மையைச் சொல்லிவிட்டாள். சம்பந்தி அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். "பாருங்க, எவ்ளோ தங்கமான பொண்ணு! பேரை மூத்தவளுக்கு வுட்டுக் குடுக்குது." உண்மையைச் சொன்னதற்கும் அவளுக்குத்தான் பெயர்!

என் நாக்கு நமநமவென்று துடித்தது. அந்த பாட்டிலில் இருப்பது என்ன என்று ஒரு வரி சொன்னால் போதும். என் கை, என் பக்குவம், என் அன்னம், எல்லாம் ஒரே நிமிடத்தில் எனக்குத் திரும்பிவிடும். அவள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. ஓரகத்தி பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மணப்பெண்ணாக என் முன்னால் உட்கார்ந்து, நான் குழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்.

"ஃபாரின் ஃபாரின்தாங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். தியாகம் செய்துவிட்டு அழுததாக நினைக்க வேண்டாம், பொறாமையில்தான் அழுதேன்.

அதற்கப்புறம் அந்த பாட்டில் காலியாகும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே மெடிக்கல் ஷாப்புக்குப் போவோம். சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் குழைப்பேன், அவள் நிரப்புவாள். முதல் விரல் எடுத்து என் முகத்தில் பூசிவிட்டுத்தான் மூடியைத் திருகுவாள். என் மாமியார் கடைசி வரைக்கும் அதை ஃபாரின் என்றே நம்பினார்.

பொறாமைக் குணம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். இன்றைக்கும் யாராவது பளிச்சென்று எதிரே வந்தால் முதலில் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் உடனே அந்த மஞ்சள் வாசம் மூக்கில் வந்து நிற்கும், எரிவதற்கு முன்னால் மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பாரடி, உள்ளே இருப்பது உன்னுடையதாகவே இருந்தாலும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.