அத்தானின் மின்சாரப் பதிவேடு

என் அக்கா கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, உலகத்தில் எதுவும் தொலைந்துபோகக் கூடாது. தொலையாமல் பத்திரப்படுத்திய பொருளை யாரும் எடுத்துப் பார்த்துவிடவும் கூடாது. புதையல் காக்கும் பூதத்துக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம்தான். பூதம் மாதச் சம்பளம் வாங்குவதில்லை.

சம்பளம் கொடுப்பது ஒரு மருந்துக் கிடங்கு. பத்தொன்பது வருடமாக அங்கே மேற்பார்வையாளர். மாத்திரை அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியைக் கண்ணாடி போடாமல் படிப்பார். கிடங்கின் கதவு வலது மூலையில் இருப்பதால் அங்கே அலமாரிகளுக்கு வலமிருந்து இடமாக எண் போட்டிருக்கிறார்கள். காலாவதியான சரக்கை அன்றன்றே நொறுக்கி, பதிவேட்டில் எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தப் பழக்கத்தையெல்லாம் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வரும் மனிதராக இருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. வீட்டில் பழைய பென்டிரைவ் ஒன்று உயிரை விட்டாலும் டிரில் மெஷினால் ஓட்டை போட்டு, நோட்டில் எழுதி, அக்காவிடமும் வாட்ச்மேனிடமும் கையெழுத்து வாங்குவார். வாட்ச்மேன் நல்ல மனிதர், யார் பேனாவை நீட்டினாலும் போட்டுவிடுவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு சர்வர் வந்தது. டோஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே வரிசையாக நாலு ஹார்ட் டிஸ்க். வீட்டிலுள்ள போட்டோ, வீடியோ எல்லாம் அதில் போய் உட்காரும். ஒரு டிஸ்க் கெட்டாலும் மற்ற மூன்றும் சமாளித்துக்கொள்ளும், இரண்டு கெட்டால்தான் அம்பேல். இதை அத்தான் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் விளக்குவார். பாவம், வந்தவர்களின் டீ ஆறி ஏடு கட்டிவிடும். பெட்டிக்கென்று உள்ளறையைக் காலி செய்தார். கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தார். இனி தொந்தரவு இல்லை என்று நினைத்த அக்காவுக்கு அன்றுதான் தொந்தரவு ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி, அதிலிருப்பதைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவார். "போன்ல வச்சா போயிடும். இதுல இருந்தா பத்திரம்" என்பார். வேறு எங்காவது ஒரு நகல் வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். நான் மருத்துவமனையில் மானிட்டர், ஈசிஜி மெஷின் எல்லாம் பழுது பார்ப்பவள். மெஷின்களை நம்பாததற்குத்தான் எனக்குச் சம்பளம். நாலு டிஸ்க் இருக்கும்போது அஞ்சாவது எதற்கு என்று அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்தது இஸ்திரிப் பெட்டி. பழைய வயரிங் என்பதால், ஹாலில் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டால் உள்ளறையில் யூபிஎஸ் ஒரு 'பீப்' போடும். அவ்வளவுதான், அத்தான் நெருப்புப் பட்டவர் மாதிரி வெளியே ஓடி வருவார். யார் போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது என்று விசாரணை நடக்கும். பிறகு மின்சாரப் பதிவேட்டில் ஏறும். ஆமாம், அதற்கும் ஒரு பதிவேடு. தேதி, நேரம், காரணம் என்று மூன்று கட்டம். அலுவலகம் விட்டு வந்தால் சாப்பிடும் நேரம் தவிர அந்த அறையில்தான் வாசம். அக்கா சட்டைகளைக் கசங்கலோடு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். இப்போது ஏழு வயது, வீட்டில் பெயர் வாயாடி. அந்தப் பெயரை அக்கா ஆசைப்பட்டு வைத்தாள். ஏனென்றால் நாலு வயது நெருங்கும்வரை குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, அழாத குளியலறை இல்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருவர் கிடைத்தார். குழந்தை என்ன சத்தம் போட்டாலும் போனில் பிடித்து வையுங்கள் என்றார். அக்கா பிடித்தாள். முதல் சத்தம், முதல் வார்த்தை, முதல் வாக்கியம் என்று இருநூற்றுச் சொச்சம் வீடியோ. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிக்குள் போய், போனிலிருந்து அழிந்தன.

போன வாரம் அந்த டீச்சர், இனி வர வேண்டியதில்லை, திங்கட்கிழமைதான் கடைசி வகுப்பு என்று சொன்னார். வரும்போது அவள் பேசிய முதல் வாக்கியத்தின் வீடியோவைக் கொண்டுவாருங்கள், எங்கே ஆரம்பித்தோம் என்று அவளே பார்க்கட்டும் என்றாராம். 

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து போன்.

"டிரில்ல கையில எடுத்துட்டார். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றார். பெட்டி திறக்கவே மாட்டேங்குது, ஒரு போட்டோகூடக் காணோம்டி. நீ கொஞ்சம் வா."

மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனால், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியோடு அத்தான் நிற்கிறார். இஸ்திரி மேசையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கட்டிக் கிடத்தியிருக்கிறார். அதன் முதுகில் சிவப்பு மையில் 'கெட்டது' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் அழிப்புப் பதிவேடு. வாட்ச்மேன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று.

நடந்ததை நான் கேட்டு வாங்கினேன். கரண்ட் போனதும் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது, ஆனால் சர்வர் பட்டென்று அணைந்துவிட்டது. கரண்ட் வந்து மறுபடி போட்டால், ஒன்றாம் டிஸ்க்கைக் காணவில்லை என்று திரை சொன்னது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. உடனே ஒன்றாம் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கை உருவி, அலமாரியில் தயாராக வைத்திருந்த புதியதைச் சொருகினார். அதற்குப் பிறகு பெட்டி திறக்கவே மறுக்கிறது. அது தானாகச் சரியாகிவிடுமாம், கெட்டதை அன்றைக்கே அழிப்பதுதான் முறையாம்.

"அத்தான், ஸ்டிக்கர் நீங்க ஒட்டினதா?"

"பின்ன? பெட்டி வந்த அன்னைக்கே ஒட்டினேன்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணி ஒட்டினீங்க?"

வலது பக்கத்திலிருந்துதான் என்றார், வேறு பக்கம் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்கிற தோரணையில். பெட்டி செய்தவன் அவருடைய கிடங்கில் வேலை பார்த்தவன் இல்லை. அவன் இடமிருந்து எண்ணியிருந்தான். நான் திரையில் காணாமல்போன டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் காட்டினேன். மேசையில் கட்டிக் கிடந்ததன் எண்ணைப் படிக்கச் சொன்னேன். பொடி எழுத்துப் படிப்பதில் புலியல்லவா. ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நல்ல டிஸ்க்" என்றார்.

ஒன்று தானாகக் காணாமல்போயிருக்கிறது, இன்னொன்றை இவர் கையால் உருவிவிட்டார். இரண்டு போனால் அம்பேல் என்று நாலு வருடம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர்தான். அக்கா கையெழுத்துப் போட்டிருந்தால் வாயாடியின் முதல் பேச்சில் ஓட்டை விழுந்திருக்கும். அக்காவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டிரில்லை வாங்கி அவருடைய ஸ்டிக்கர் கட்டின் நடுவில் ஓட்டை போட்டிருப்பேன்.

கோபத்தை ஒத்திவைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பெட்டியை முழுதாக அணைத்து, புதிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, 'கெட்டது' என்று பட்டம் வாங்கிய நல்லதை அதன் இடத்திலேயே சொருகினேன். அடுத்து, உண்மையிலேயே காணாமல்போனதை உருவிப் பார்த்தேன். அதற்கும் ஒரு கேடும் இல்லை. அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் சின்ன வயரின் முனை தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருந்தது. கரண்ட் சரியாக வராத டிஸ்க் எப்படிப் பேசும்? என் பையில் இருந்த வயர் ஒன்று பொருந்தியது. மாற்றினேன்.

யூபிஎஸ் ஏன் கைவிட்டது என்பது மட்டும் பாக்கி. அதைச் சுவரிலிருந்து திருப்பிப் பார்த்தேன். முதுகில் பிளக் சொருக இரண்டு வரிசை ஓட்டைகள். ஒரு வரிசைக்கு மேல், பேட்டரி உண்டு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொரு வரிசைக்கு மேல், பேட்டரி கிடையாது என்று அதே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சர்வர் சொருகியிருந்தது இரண்டாவது வரிசையில். முதல் வரிசையில் இருந்த கனமான பிளக்கைத் தொட்டுக்கொண்டே போனேன். அது ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்குப் போனது. ஆறு மாதத்துக்கு முன் தொட்டி வந்தபோது அதன் பிளக் அந்த ஓட்டையில்தான் வசதியாக உட்கார்ந்ததாம், அதனால் மாற்றிச் சொருகினாராம். காலையில் வீட்டில் எதற்கும் கரண்ட் இல்லாமல், நாலு வருடச் சொத்து படுத்துக்கிடந்தபோது, இரண்டு மீன்கள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் உல்லாசமாக நீந்திக்கொண்டிருந்திருக்கின்றன.

பிளக்குகளை அத்தானே இடம் மாற்றினார்.

ஸ்விட்சைப் போட்டோம். பெட்டி உறுமியது. அக்கா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நகம் பதிந்த இடம் மறுநாளும் வலித்தது. ஒரு பச்சை விளக்கு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதுக்கு யோசித்து யோசித்துத்தான் உயிர் வந்தது. இடையில் இல்லாமல்போன டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு சதவீதம் முடிந்தது என்று திரையில் ஒரு வரி ஓடியது. போட்டோக்கள் திரும்ப வந்திருந்தன.

"அந்த வீடியோவப் போடுங்க" என்றாள் அக்கா.

அத்தான் ஒரு நொடியில் எடுத்தார். கோப்பின் பெயர், தேதி, அளவு எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதாமாதம் அது கெடாமல் இருக்கிறதா என்று பெட்டியை விட்டே சோதிப்பாராம். மூன்று வருடத்தில் முப்பத்தேழு முறை சோதித்தாயிற்று என்றார்.

"நீங்க எத்தனை தடவை பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

அக்காதான் பதில் சொன்னாள். குழந்தை அப்பா என்று சொன்னாள், வந்து பாருங்கள் என்று அன்றைக்கே கூப்பிட்டாளாம். இவரோ போனை வாங்கி வீடியோவைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்றாராம்.

வீடியோ ஓடியது. இதே ஹால், இதே இஸ்திரி மேசை. மாலை வெயில். குட்டையாக முடி வெட்டிய குழந்தை அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள். என்னடா வேணும் என்று போனுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்கிறாள். குழந்தை சுவரில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி ஸ்விட்சைக் காட்டுகிறாள். வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளுகிறாள்.

"சுச்சு... போடு. அப்பா... வரும்."

அக்கா நகர்வதற்குள் குழந்தை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே ஸ்விட்சைப் போட்டுவிட்டு, உள்ளறைக் கதவைப் பார்த்துத் திரும்பிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே பீப் கேட்கிறது. யாருடா அது என்று அத்தானின் குரல் கேட்கிறது. கதவு திறக்கும் இடத்தில் வீடியோ முடிந்துவிடுகிறது.

"அன்னைக்கு மட்டுமா போட்டா?" என்று அத்தான் கேட்டார்.

"தினமும்தான்" என்றாள் அக்கா. "நீங்க வந்து திட்டுவீங்க. சில நாள் நான்தான் போட்டேன்னு சொல்லிடுவேன், சில நாள் தெரியலைன்னு. அவ சிரிப்பா."

அவர் மின்சாரப் பதிவேட்டை எடுத்து அந்த வருடத்துப் பக்கங்களைப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். மாலை ஐந்து நாற்பது. மாலை ஆறு பத்து. மாலை ஐந்து ஐம்பத்தைந்து. பக்கம் பக்கமாக அவருடைய அழகான கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் பாதி இடங்களில் 'மனைவியின் கவனக்குறைவு'. மீதி இடங்களில் 'காரணம் தெரியவில்லை'. அவரைக் கிண்டல் செய்ய என்னிடம் பத்து வருடத்துக்கான சரக்கு இருந்தது, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டேன்.

வாயாடி பக்கத்து வீட்டிலிருந்து வந்து, மீனுக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று ஆரம்பித்து, தோழியின் பூனை, அதன் வால், வாலில் பட்ட பெயின்ட் என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டு போனாள். அத்தான் நோட்டை மூடிவிட்டு ஹாலுக்குப் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பூனையின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தி, அவரையும் உள்ளறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஸ்விட்ச் யாரும் போடலையேப்பா" என்றாள்.

உள்ளே பெட்டி தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அத்தான் எழுந்து வந்து பார்க்கவில்லை. அவருக்காக நான் போய்ப் பார்த்தேன், பதினாலு சதவீதம் முடிந்திருந்தது.