முன்பாரம்

தூத்துக்குடியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டிப் பாளையம்பட்டிக்கு இழுத்து வந்தேன். எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் கிடப்பதே அபூர்வம். கூடவே வந்த என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"வீடு வந்து சேர்றதுக்குள்ள ஒரு விரிசல் விழுந்தாலும் வித்துரணும்."

வீராப்பாகத் தலையாட்டியிருந்தேன்.

விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார்: எடை முழுக்கப் படகின் அடிக்கட்டையில் உட்கார வேண்டும், டிரெய்லரின் இரண்டு பக்கத்து முட்டுகளும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நானோ மிளகாய் மூட்டை லோடு ஏற்றியே பழகியவன். அசையக் கூடாதென்று இரண்டு முட்டுகளையும் மேலே ஏற்றி இறுக்கித் திருகினேன். படகின் மூக்கு காரில் இடிக்குமோ என்று பயந்து நன்றாகப் பின்னால் தள்ளியும் வைத்தேன்.

பந்தல்குடியை நெருங்கும்போது டிரெய்லர் குடிகாரனைப் போல ரோட்டை அளந்தது. உயிர் கையில் இல்லை. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, வெள்ளம் கிள்ளம் வரப்போகுதா? இவுகளுக்கு மட்டும் சொல்லிட்டாகளா?" என்றார் ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம்.

என் மனைவி பரளச்சி ஊரில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண், மாட்டு வண்டி ஓட்டத் தெரிந்தவள். காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றச் சொல்லி, அதன் முன்கம்பியை ஒற்றைக் கையால் தூக்கினாள். பொசுக்கென்று எழும்பியது.

"முன்பாரமே இல்லையே. மாட்டு வண்டியா இருந்தா இந்நேரம் மாடு அந்தரத்துல தொங்கியிருக்கும்."

கூட்டம் சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. மறுபடி காரில் மாட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, முட்டுகளைத் தளர்த்தினோம். டீக்கடையில் நின்றவர்கள் தள்ள, படகு முன்னால் நகர்ந்து அடிக்கட்டையில் உட்கார்ந்தது. முட்டுகள் படகைத் தொடும் அளவுக்கு மட்டும் அவளே திருகினாள். அதன்பிறகு வண்டி அலுங்காமல் வந்தது.

வீட்டில் அவள் கேட்டைத் திறக்கும்போது படகைச் சுற்றிப் பார்த்தேன். நான் முட்டு வைத்து இறுக்கிய இடத்தில் விரல் நீளத்துக்கு மெல்லிய விரிசல். மண்ணைக் குழைத்துப் பூசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து நகத்தால் நெருடினாள். நகம் உள்ளே போய் மாட்டியது.

"கீறல்" என்றாள்.

"இல்ல, இது விரிச..."

"கீறல்னு சொல்றேன்ல. வந்து சாப்பிடுங்க."