கல்லுக்கடியிலிருந்து வந்த சைகை

1. பள்ளம்

கல் சரிந்ததை நான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். காதில் அடைப்பான் இருந்ததால் எல்லாம் ஓசையில்லாமல் நடந்தது.

திருமயத்துக்குப் பக்கத்தில் பைபாஸ் சாலைக்காக ஒரு சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்துவிட்டது. அருகில் வீடுகள் இருந்ததால் வெடி வைக்க அனுமதி இல்லை. அதனால் பொக்லைனில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, பாறையை இடித்து உடைக்கும் பிரேக்கரை மாட்டி என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, ஹைட்ராலிக் ஆயில் சூடு குறையட்டும் என்று கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே கல்தூள் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. அதில் வெயில் பட்டு, பள்ளம் முழுக்கப் பால் நிரம்பியது போலிருந்தது. கீழே நின்று எனக்குக் கை காட்டும் சிக்னல்மேன் பழனி, அடுத்து எங்கே அடிக்கலாம் என்று பார்க்க அந்தத் தூளுக்குள் இறங்கிப் போனான்.

முந்தின நாள் பெய்த மழையில் மேல்கரை ஊறிப்போயிருந்தது. அதில் பதிந்திருந்த ஒரு நீளக் கல், தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதைப் போல, மெல்லத் திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கியது. தூள் எழும்பியது. அது அடங்கியபோது பழனி நின்ற இடத்தில் கல் கிடந்தது.

நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை. பழனி சுவர் ஓரமாகச் சாய்ந்து கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்தது.

"பாய், வலி ஒண்ணும் தெரியல. அதான் பயமா இருக்கு" என்றான்.

2. பிரேக்கர் அடிக்கும் விதம்

அடுத்து நடந்தது புரிய வேண்டுமானால் பிரேக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் பலர் அதை ஒரு பெரிய சுத்தியல் என்றே நினைக்கிறார்கள்.

வண்டியின் பம்ப் அழுத்தி அனுப்பும் எண்ணெய், பிரேக்கருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கும். மேலே அடைத்து வைத்திருக்கும் நைட்ரஜன் வாயு அதனால் சுருங்கும். உச்சிக்குப் போனதும் வால்வு மாறும். சுருங்கிய வாயு விரிந்து, எண்ணெயின் அழுத்தமும் சேர்ந்து, பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டன் போய், பிரேக்கரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்பு ராடின் தலையில் இடிக்கும். ராடு அந்த இடியைக் கல்லுக்குள் கடத்தும். இது ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். கேபினில் இருப்பவனுக்கு அது தனித்தனி அடியாகத் தெரியாது. நீளமான ஒரே அதிர்வு. பழகிவிட்டால் கண் திறந்தபடியே கனவு காண்பது போல் ஆகிவிடும்.

ஆனால் பெடலை மிதித்ததும் அடித்துவிட முடியாது. முதலில் ராடைக் கல்லின்மேல் நேராக நிறுத்தி, வண்டியின் நீண்ட கையான பூமை இறக்கி நன்றாக அழுத்த வேண்டும். அழுத்தம் இல்லாமல் பெடலை மிதித்தால் அடி கல்லுக்குப் போகாமல் பிரேக்கருக்கே திரும்பும். அதைக் காலியடி என்போம். பிரேக்கரைக் கெடுக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அதாவது, அந்தக் கல்லை உடைக்க வேண்டுமானால் முதலில் அதன்மேல் என் வண்டியின் பாரத்தை ஏற்ற வேண்டும். அதன் அடியில் பழனியின் கால் இருந்தது.

3. சைகை

சைட் இன்ஜினியர் நிர்மலா திருச்சிப் பக்கத்துப் பெண். போனைக் காதில் வைத்தபடியே பள்ளத்துக்குள் இறங்கி வந்தார்.

"கிரேன் காரைக்குடில நிக்குதாம் பாய். வந்து சேர மத்தியானம் ஆயிருமாம்."

ஆம்புலன்ஸில் வந்தவர் பழனியின் காலைத் தொட்டுப் பார்த்தார். "அம்புட்டு நேரம் தாங்காதுங்க. ரத்த ஓட்டம் நின்னுபோயிரும்" என்றார்.

கல் பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. கடப்பாரை போட்டும் அசையவில்லை.

"அங்கிட்டு இருக்க நுனியை ஒடைச்சா கல்லு இளகும் மேடம். பெறகு பொரட்டிரலாம்" என்றேன். "ஆனா அழுத்தும்போது இங்கிட்டு எறங்குச்சுன்னா..."

பழனிதான் பேசினான்.

"கல்லு எங்கிட்டு அசையுதுன்னு மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாது பாய். எனக்குத்தான் தெரியும். நான் கை காட்டுறேன். நீங்க ஏறுங்க."

நிர்மலா போனைப் பையில் போட்டுவிட்டு, "மரக்கட்டை எல்லாத்தையும் எறக்குங்க. இந்தப் பக்கம் கல்லுக்கு அடியில முட்டுக் குடுக்கணும்" என்று ஆட்களிடம் சொன்னார். அவரே மண்டியிட்டுக் கட்டைகளைச் செருகினார். கடைசிக் கட்டை ஏறியதும் எழுந்து என்னிடம் சொன்னார்: "அடிங்க பாய். நாளைக்கு யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சில்லு தெறித்து மேலே படாமலிருக்க ஈரச் சாக்கையும் பலகையையும் வைத்துப் பழனியை மறைத்தோம். ஓர் இடுக்கில் அவன் முகமும் வலது கையும் மட்டும் தெரிந்தன.

கேபினில் ஏறிக் கதவைச் சாத்தியதும் உலகம் தூரமாகிவிட்டது. கரையில் நின்றவர்களின் வாய் அசைந்தது. ஓசை இல்லை. என் கண்ணுக்கு அந்த ஒரு கைதான் இருந்தது.

விரல் கீழே காட்டியது. பூமை இறக்கினேன். ராடு கல்லின் நுனியில் உட்கார்ந்தது. விரல் இன்னும் கீழே என்றது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். சட்டென்று கை விரிந்து நின்றது. நானும் நின்றேன். பிறகு விரல்கள் மூடித் திறந்தன. அடிக்கச் சொல்கிறான்.

மிதித்தேன். தூள் எழுந்தது. கை மூடியது. விட்டேன். மறுபடி திறந்தது. மறுபடி மிதித்தேன். எவ்வளவு நேரம் போனதென்று சொல்லத் தெரியாது. வெள்ளைத் தூளுக்குள் அந்தக் கை தண்ணீருக்கடியில் அசைவது போல் மெதுவாக அசைந்தது. என் கால் பெடலில் இல்லை, அவன் விரல் நுனியில்தான் இருக்கிறது என்று தோன்றியது. பயம் எங்கோ போய்விட்டிருந்தது. என்னை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை கை மூடியது, பிறகு திறக்கவே இல்லை. பூமைத் தூக்கிவிட்டுக் கீழே குதித்தேன்.

கல்லின் நுனி பிளந்து தனியாகக் கிடந்தது. ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். கல் ஒருமுறை முனகிவிட்டு அந்தப் பக்கம் புரண்டது. பழனியின் மூடிய கைக்குள் நிர்மலாவின் கை இருந்தது. அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

4. ஆஸ்பத்திரியில்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் காலுக்குள் பிளேட் வைத்தார்கள். கால் பிழைத்தது, நடையில் சாய்வு மட்டும் தங்கிவிட்டது. இப்போது சொந்த ஊரான கீரமங்கலத்தில், பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது கேட்டேன். "என் மேல அம்புட்டு நம்பிக்கையாடா ஒனக்கு?"

அவன் சிரித்தான். "நம்பிக்கை இருந்துச்சு பாய். ஆனா ஒங்க மொகமே தெரியல. கீழ இருந்து பாத்தா ஒங்க கேபின் கண்ணாடில மேகம்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் பாட்டுக்கு மேகத்துக்குக் கை காட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பாக்குறீங்களா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் தெரியல."

அவ்வளவு நேரமும் நாங்கள் இருவரும் ஒருவர்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் தனியாகத்தான் இருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு எந்த சைட்டிலும் சிக்னல்மேனின் ஒவ்வொரு சைகைக்கும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் லீவரைத் தொடுகிறேன். புது ஆபரேட்டர்கள், "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம், எதுக்குங்க பாய் ஹாரனு?" என்கிறார்கள்.

நீங்கள் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டாமா?