முள் இல்லாத தூண்டில்

அந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறை அவளுக்கு. மேசை முழுக்க வெள்ளை மாவில் வார்த்த தாடை அச்சுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். மெழுகை உருக்குவது, பல்லைப் பதிப்பது, அரத்தால் தேய்ப்பது என்று முப்பது வருஷம் அதிலேயே ஓடிவிட்டது. எல்லாருக்கும் அவள் பல்செட் அக்கா. வயது ஐம்பத்து மூன்று. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வாயப் பாத்தே ஆள எடை போட்டுப் பழகிட்டேன். ஒருத்தரும் தேறல" என்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே, தங்கள் வாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை, கை நிறைய மெழுகோடு இருக்கும்போது செல்போன் அடித்தது. தெரியாத எண். முழங்கையால் அழுத்திவிட்டு, குனிந்து காதை வைத்தாள்.

"பாப்பா..."

அவளைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அவனோடு அவள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மெழுகு விரலில் இறுகிக்கொண்டிருந்தது.

"குவாரித் தண்ணிய இறைக்கப் போறாங்களாம், அடுத்த மாசம். அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை வர்றியா? தூண்டில் போடலாம்" என்றான் அண்ணன்.

"தூண்டில் போடறதுக்கா கூப்பிட்ட?"

"வந்தா சொல்றேன். போன்ல சொல்ற விஷயமில்ல."

அவர்களுக்குள் ஏன் பேச்சு நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பத்து வயதும் அண்ணனுக்குப் பதினான்கு வயதும் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குவாரிக்கு மீன் பிடிக்கப் போன அப்பா வீடு திரும்பவில்லை. கூடப் போன அண்ணன் மட்டும் மத்தியானம் தனியாக வந்தான். "அப்பா பஸ் ஏறிப் போயிட்டார்மா, நான் பாத்தேன்" என்றான். பஸ் ஏறிப் போன மனுஷன் என்றைக்காவது பஸ்ஸில் வந்து இறங்குவார்தானே? அம்மா அப்படித்தான் நம்பினாள். முப்பத்திரண்டு வருஷம் வாசற்கதவைத் தாழ் போடாமலே படுத்தாள். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும், "கதவு திறந்திருக்கா? அவரு வந்தா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அவரு வரமாட்டாரும்மா. நான் எந்த பஸ்ஸையும் பாக்கல" என்று உடைத்துவிட்டான். அம்மா அவனையே வெறித்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் உயிர் போய்விட்டது.

"அவங்களக் கொன்னதே நீதான். இனிமே என் முகத்துல முழிக்காத" என்றாள் தங்கை. அவனும் முழிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, கல் உடைத்த காலத்து மண்பாதையில் நடந்தால் குவாரி. கல் வெட்டி வெட்டி ஆழமாகிப் போன பள்ளம், பிறகு ஊற்று பீறிட்டு நிரம்பியது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரு பக்கம் மட்டும், கூலியாட்கள் தண்ணீர் மொள்ளக் கல்லிலேயே செதுக்கிய படிகள் தண்ணீருக்குள் போகும். வெயில் இன்னும் உள்ளே இறங்கவில்லை. காற்று இல்லை. பறவைச் சத்தம்கூட மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர் கரும்பச்சையாக, அசையாமல் கிடந்தது.

அண்ணன் படிக்கு மேலே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். முடி முழுக்க நரைத்திருந்தது. "எந்தத் தண்ணிய வேணா ரொப்புவான், குவாரித் தண்ணிய மட்டும் தொடமாட்டான்" என்று லாரிக்காரர்கள் அவனைக் கிண்டல் செய்வதை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அவனுக்குப் பக்கத்தில் மூன்று தூண்டில்கள் இருந்தன.

"மூணாவது யாருக்கு?"

"அப்பாவோடது. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

அவள் உட்கார்ந்தாள். அவன் அவளுடைய முள்ளில் புழுவைக் கோத்துக் கொடுத்தான், சின்ன வயதில் கொடுத்த மாதிரியே. மூன்றாவது தூண்டிலில் முள்ளும் இல்லை, புழுவும் இல்லை. நரம்பில் ஒரு தக்கை, நுனியில் ஓர் ஈயக்குண்டு, அவ்வளவுதான். அதையும் வீசிவிட்டுக் கழியை இருவருக்கும் நடுவில் ஒரு கல் இடுக்கில் செருகினான். வெகுநேரம் இரண்டு பேரும் மூன்று தக்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான்.

"அன்னைக்கி இங்கதான் உக்காந்திருந்தோம். அப்பா நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. திடீர்னு தண்ணிப் பக்கம் திரும்பி, 'இதோ வர்றேன்'னாரு. அடுத்த ரூம்லேர்ந்து யாரோ கூப்பிட்டா சொல்லுவோமே, அந்த மாதிரி. எந்திரிச்சு சட்டையக் கழட்டி மடிச்சு வெச்சாரு. படியில இறங்குனாரு. மாடிப்படி இறங்குற மாதிரி, நிதானமா. ஏழாவது படியில தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. எட்டாவது படியில தலையக் காணோம். ஒரு குமிழி வரல, பாப்பா. ஒரு குமிழிகூட வரல."

அவள் கையிலிருந்த கழியைக் கீழே வைத்தாள்.

"நீ கத்தலியா?"

"வாய் வரல. மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்தா அம்மா கதவுகிட்ட நிக்கிறாங்க. எதுவோ சொல்ல வாயத் திறந்தேன், பஸ்னு வந்துருச்சு. அவ்வளவுதான். அப்பறம் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

பதினோரு வருஷமாக அவன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது நடுத் தூண்டிலின் தக்கை உள்ளே போனது.

மீன் கொத்தினால் தக்கை துள்ளும், பக்கவாட்டில் ஓடும். இது அப்படி இல்லை. நேராக, மெதுவாக, கீழே போனது. கழி வளைந்தது. "வாரா வாரம் இந்நேரத்துக்கு இழுக்கும். அம்மா போனதுலேர்ந்து வந்துட்டுதான் இருக்கேன்" என்றான் அண்ணன். குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் நரம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சுண்டு. சின்ன வயதில் அவர்கள் கவனிக்காத நேரமாகப் பார்த்து அப்பா அவர்களுடைய நரம்பை இப்படித்தான் சுண்டுவார். மீன் என்று நினைத்து அவர்கள் துள்ளிக் குதித்ததும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"அண்ணா, இது..." என்று திரும்பினாள். பக்கத்தில் அவன் இல்லை.

இரண்டு படி கீழே நின்றிருந்தான். செருப்பு மேலேயே கிடந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அடுத்த படிக்குக் காலை எடுத்துக்கொண்டிருந்தான்.

எப்படிப் பாய்ந்தாள் என்று பின்னால் யோசித்தபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் கல்லில் விழுந்தார்கள். அவள் முழங்கை கிழிந்தது.

"என்ன பண்ற நீ?"

அவன் தன் நனைந்த காலைப் பார்த்தான். "நான் எப்ப இறங்குனேன்?" என்று அவளையே கேட்டான்.

அவள் அவன் காலரை விடவில்லை. தண்ணீரைப் பார்த்து, தெருவில் தொந்தரவு செய்கிறவனிடம் பேசுவது போல உரக்கச் சொன்னாள்:

"அப்பா, அம்மா செத்துப் போய்ப் பதினோரு வருஷமாச்சு. இனிமே உங்களுக்காக யாரும் காத்துட்டு இல்ல. நீங்க மேல வரவும் வேணாம், எங்களக் கூப்பிடவும் வேணாம்."

பாறைகள் எதிரொலிக்க வேண்டும். எதிரொலிக்கவில்லை. நடுத் தூண்டில் மெல்ல நிமிர்ந்தது. நரம்பு தொய்ந்தது. அவளே அதை இழுத்துச் சுருட்டினாள். நுனியில் ஈயக்குண்டு அப்படியே இருந்தது. அவ்வளவு குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த குண்டு வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி. அவள் அதைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பெரிய பெரிய பம்புகள் வந்தன. ஒன்பது நாள் இறைத்தார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனோடு கரையில் நின்றாள். துருப்பிடித்த சைக்கிள்கள், லாரியின் அச்சு, கல் உடைக்கும் உளிகள் எல்லாம் வெளியே வந்தன. எலும்பு என்று ஒரு துண்டுகூட இல்லை. வேலைக்காரர்கள் சேற்றைக் கிளறியும் பார்த்துவிட்டார்கள்.

படிகளும் முழுசாகத் தெரிந்தன. மொத்தம் ஐந்துதான். ஐந்தாவதுக்குக் கீழே பாறை சுவர் மாதிரி நேராக இறங்கியது.

அண்ணன் விரல் விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். "எட்டாவதுல தலையக் காணோம்னு சொன்னேன்ல?" என்றான்.

"சொன்ன."

"அப்ப அவரு எதுமேல நடந்து போனாரு?"

"தெரியலண்ணா. வா, வீட்டுக்குப் போலாம்."

அன்று முதல்முறையாக அவன் அவள் வீட்டில் சாப்பிட்டான். ஒவ்வொரு வாய் சோற்றையும் மெல்லும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தான். "பல்லு வலிக்குதா?" என்றாள். "அது ரொம்ப வருஷமா" என்றான்.

மறுநாள் அவனைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை இழுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். கடைவாய்ப் பற்கள் எல்லாம் மொட்டையாக, ஈறோடு ஈறாகத் தேய்ந்து கிடந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இப்படி ஆகும். முப்பது வருஷத்தில் எத்தனையோ வாயைப் பார்த்தவள், இந்த அளவுக்குத் தேய்ந்த வாயைப் பார்த்ததில்லை.

"என்ன பாப்பா, தேறுமா?" என்றான், திறந்த வாயோடு.

"பேசாம இரு" என்றாள் அவள். பல் அச்சு எடுக்கிற மாவைக் கரண்டியால் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுக் கலக்க ஆரம்பித்தாள்.