ஏழு நாடும் ஒரு அறையும்

பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பற்றிய பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம். ஏழு நாட்டு ஜனங்களும் ஒரே குடும்பம் என்று மேசையைத் தட்டிப் பேசுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பழைய மாணவி ஒருத்தி கல்லூரி ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்டை நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் வந்து போகலாமா, சேர்ந்து தொழில் செய்யலாமா என்று வரிசையாகக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுக்கம்மா. நம்மூரு தொழிற்சாலைத் தோலு எல்லா நாட்டுக்கும் போவுது, மனுஷன் போனா இன்னா?" என்றேன். நன்றாகப் பேசிவிட்டதாக எனக்கே பெருமை.

அப்போது கேட்டைத் தட்டினார்கள். முந்தின நாள் பின்பக்க அறைக்குப் பேசிவிட்டுப் போன வங்காளித் தம்பதி, பெட்டியோடு நின்றிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பலரும் வெளியூர் நோயாளிகளுக்கு அறை விடுவோம். வங்காள மொழி பேசினால் கொல்கத்தாக்காரர்கள் என்று நானாகவே முடிவு கட்டிவிடுவேன். விலாசம் எழுத நோட்டை நீட்டினேன். கணவர் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். பங்களாதேஷ்.

வெளிநாட்டவர் தங்கினால் போலீசில் படிவம் கொடுக்க வேண்டும். அரை நாள் அலைச்சல், அவ்வளவுதான். ஆனால் நான் நோட்டை மூடிக்கொண்டேன். யாராவது வந்து விசாரித்தால்? தெருவில் என்ன பேசுவார்கள்? எங்கள் சர்ச் ஆட்கள் வருகிறார்கள், அறை கிடையாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புளுகினேன். கூசாமல் சர்ச்சையும் இழுத்தேன்.

திங்கட்கிழமை இவருக்கு இதய ஆபரேஷன், நடந்தாலே மூச்சு வாங்குகிறது, லாட்ஜ் எல்லாம் நிரம்பிவிட்டது என்று அந்த அம்மாள் கெஞ்சினார். நான் கிடையாது என்று கையை விரித்தேன்.

திரும்பினால், மாணவி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். தாள்களைப் பைக்குள் வைத்திருந்தாள்.

"மீதி கேள்வி இருக்கேம்மா," என்றேன். எப்படித்தான் கேட்டேனோ.

"வேணாம் சார். இவங்களுக்கு எங்கியாவது ரூம் பாத்துக் குடுக்கிறேன்," என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மூவரும் தெருவில் போனார்கள். பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார்கள். எனக்கு வேறு பயம் வந்தது. அறை கிடைக்காமல் அவள் மறுபடியும் இங்கேயே கூட்டிவந்துவிட்டால்?

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன்.