ஓட்டுநரின் எடைக்கு ஓர் ஆள்

என் கணவர் வாங்கிய அமெரிக்க பிக்கப்புக்கு அவரைவிட வயது கூட. அதை வைத்துக் கால் மைல் நேர்ப் பந்தயம் ஓடப்போவதாகச் சொன்னார். முதல் ஓட்டத்தில் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்பின. பிறகு வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய் நின்றது.

ஜேர்மனியில் கராஜ் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்த என் தம்பி, பிழை எஞ்சினில் இல்லை, ஸ்பிரிங்குகளில்தான் என்றான். பிக்கப்பின் பின்பக்கம் வெறும் பெட்டி. புறப்படும்போது பாரம் பின்னுக்குப் போய் இரண்டு சில்லுகளையும் சமமாக நிலத்தில் அழுத்த வேண்டும். அதற்கு நான்கு சில்லுகளுக்கும் கீழே தராசு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஆளை இருத்தி, ஸ்பிரிங்குகளைச் சரிசெய்ய வேண்டுமாம்.

ஆனால் என் கணவர் அசையாமல் இருக்கிற பிறவி அல்ல. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலால் தலையை நீட்டி, "இப்ப எவ்வளவு காட்டுது?" என்பார். நான்கு தராசும் மாறிவிடும். பொறுமை இழந்த தம்பி எங்கள் இருவரையும் குளியலறைத் தராசில் ஏற்றினான். வித்தியாசம் இருநூறு கிராம்.

"அக்கா, நீங்கள் ஏறி இருங்கோ."

"நான் கோயிலுக்கு வெளிக்கிட்டு நிக்கிறன்."

"பத்து நிமிசம்தான். ஹெல்மெற்றையும் போடுங்கோ, அதுக்கும் பாரம் இருக்கு."

பட்டுச் சேலையும் ஹெல்மெட்டுமாக, வீட்டு முன்றலில் நின்ற வண்டிக்குள் ஏறியிருந்தேன். பத்து நிமிடம் மூன்று மணித்தியாலமானது.

அந்த நேரம் பார்த்து, கிங்ஸ்பரியில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அன்ரி, மகளின் கலியாணக் கார்டோடு வந்தார்.

"பிள்ளை, ஏன் இதுக்குள்ள இருக்கிறீர்?"

"இவையள்தான் இருக்கச் சொன்னவை, அன்ரி. இறங்கக் கூடாதாம்."

"எவ்வளவு நேரமா?"

"மத்தியானம் துவக்கம்."

அன்ரி ஜன்னலால் கார்டை நீட்டினார். வண்டிக்கு அடியிலிருந்து தம்பி கத்தினான்: "அவவுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ!"

அன்ரி கார்டை மதிலில் வைத்துவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

அரை மணித்தியாலத்தில் கனடாவிலிருந்து என் சின்னம்மாவின் அழைப்பு. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி போனை ஸ்பீக்கரில் பிடித்தார்.

"புருசன் உன்னை வீட்டை விட்டுக் கலைச்சிட்டாராமே?"

"அப்பிடி ஒண்டும் இல்லைச் சின்னம்மா."

"இப்ப எங்க இருக்கிறாய்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பிக்கப்புக்குள்ள."

சின்னம்மா அழத் தொடங்கினார். என் கணவருக்கு மனம் பொறுக்கவில்லை. "மாமி, அழாதேங்கோ. தம்பி சொன்னவுடன இறக்கிவிடுவன்" என்றார். அழுகை இரட்டிப்பானது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தபோது இடது பின்சில்லின் தராசில் எண் ஆடியது.

பின்னேரம், செய்தி கேள்விப்பட்ட ஒரு வயதான தம்பதி புட்டும் கறியும் கொண்டுவந்து, எங்கள் இருவரையும் சோபாவில் அருகருகே இருத்தினார்கள்.

"குடும்பம் எண்டால் விட்டுக் குடுக்க வேணும், தம்பி" என்றார் அந்த அண்ணை.

ஸ்பிரிங் நினைப்பிலேயே இருந்த என் கணவர் தலையாட்டினார். "ஓம் அண்ணை. பின்பக்கம் கொஞ்சம் இளக்கி விட்டாச்சு. இனி ஒரு பக்கம் இழுக்காது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புட்டு மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நகரத்துக்கு வெளியே இருந்த பந்தயத் தடத்துக்குப் போனோம். கணவர் இரண்டு முறை ஓட்டினார். இரண்டு முறையும் வண்டி வலப்பக்கம் சரிந்தது.

"அத்தான், நீங்கள் பச்சை விளக்கைப் பாக்க எட்டிக் குனியிறியள்" என்றான் தம்பி. "இது அக்கா இருக்கிற மாதிரிச் செய்தது. அக்கா ஓடட்டும்."

கணவர் முகம் சுருங்கினாலும் சாவியைத் தந்தார். பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை அமத்தினேன். பின்பக்கம் குந்தியது, முன்பக்கம் எழும்பி, பாதை மறைந்து மேகம் மட்டும் தெரிந்தது. பயத்தில் நான் அசையவே இல்லை. வண்டி நூல் பிடித்தாற்போல் நேரே போனது. பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகள் பூட்டிய ஒரு குடும்பக் காரிடம் தோற்றேன்.

கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன, பயந்திட்டீரோ?"

"ஓம். இன்னொருக்கா ஓடப்போறன்."

அன்று நான்கு முறை ஓடினேன். ஒருமுறைதான் வென்றேன், அதுவும் பக்கத்துக் கார் ஸ்டார்ட் ஆகாததால்.